பிடுங்காத டாக்டரும் நாலு சிலிண்டரும்

அந்தப் பல் டாக்டருக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. பிடுங்காத டாக்டர். ஆடுகிற பல், பாதி உடைந்த பல், வேர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிற பல் என்று எதைக் கொண்டுபோனாலும் "இதைக் காப்பாத்திடலாம்" என்பார். ஒரே பல்லுக்காக ஏழு தடவை, எட்டு தடவை வரச்சொல்லி நாற்காலியில் படுக்க வைப்பார். "டாக்டர், வலி உயிர் போகுது, பிடுங்கி எறிஞ்சிடுங்க" என்று கெஞ்சுகிறவர்களிடம், "பிடுங்க அஞ்சு நிமிஷம் போதும். திரும்ப முளைக்க வைக்க உங்களால முடியுமா?" என்று கேட்பார். அதற்கு யார் பதில் சொல்ல முடியும்? வாய் நிறைய பஞ்சோடு படுத்திருக்கிறவனால் எதற்குமே பதில் சொல்ல முடியாது. அந்த ஒரு வசதியை வைத்துக்கொண்டுதான் மனிதர் இருபத்தைந்து வருஷமாக எல்லா வாதத்திலும் ஜெயித்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் அந்த வசதி கிடையாது. மனைவிக்கு நூலகத்தில் வேலை. அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அவர் நூலகத்தம்மா. காலையிலிருந்து சாயங்காலம் வரை "சத்தம் போடாதீங்க" என்று பிறத்தியாரை அடக்குகிற வேலை என்பதால், தானும் வாயைத் திறக்க முடியாது. சொல்லவேண்டியதெல்லாம் உள்ளேயே சேர்ந்துகொண்டு போகும். அதை இறக்கி வைக்கிற இடம் டாக்டரின் கார். தினமும் காலையில் வீட்டிலிருந்து நூலகம் வரை இருபத்தைந்து நிமிஷம். டாக்டர் ஓட்டுவார், அம்மா பேசுவார். நாள் முழுக்கப் பதில் பேச முடியாதவர்களிடம் பேசிக்கொண்டிருக்கிறவர், அந்த நேரத்தில் மட்டும் வாயை மூடிக்கொண்டு காதைக் கொடுப்பார். சாயங்காலம் வீடு திரும்பினால் ஒருவருக்குத் தலைவலி, ஒருவருக்குத் தூக்கம். ஆகமொத்தம் அவர்கள் இரண்டு பேரும் குடும்பம் நடத்தினார்கள் என்றால், அந்த இருபத்தைந்து நிமிஷத்தில்தான் நடத்தினார்கள்.

கார் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். டாக்டர் காதில் விழுந்தால் வருத்தப்படுவார். வெண்ணெய் நிறத்தில், உருண்டை முகமும் முழித்த கண்ணுமாக, கல்யாணமான மறு வருஷம் வாங்கிய வண்டி. வாங்கும்போதே அது பழைய வண்டி. இப்போது அதற்கு என்ன வயசு என்று கேட்டால் டாக்டர் நேராகப் பதில் சொல்லமாட்டார், "எல்லாமே கம்பெனியில போட்டது, ஒரு ஆணிகூட மாத்தலை" என்பார். கைப்பிடி உடைந்தால் ஒட்டுவார், கண்ணாடி இறங்கவில்லை என்றால் அதனோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மல்லுக்கட்டுவார். புது சாமான் என்ற பேச்சை எடுத்தால், பல்லைப் பிடுங்கச் சொன்ன மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்.

அந்த வண்டி எட்டு நாற்பதுக்கு நூலக வாசலில் நிற்கும். அம்மாவின் பேச்சு எந்தக் கட்டத்தில் இருந்தாலும் சரி, வாசல் வந்ததும் டாக்டர் பிரேக் போட்டுவிடுவார். அவருக்கு ஒன்பது மணிக்கு முதல் பல். "சரி, மீதி நாளைக்கு" என்று அம்மா இறங்கிப் போவார். மறுநாள் மீதி வராது. மறுநாளுக்கென்று வேறு கதை வந்திருக்கும். இப்படி இருபத்திரண்டு வருஷத்துக்குப் பாதிக் கதைகள் டாக்டரின் மண்டையில் குவிந்து கிடந்தன.

இதெல்லாம் மூன்று வாரத்துக்கு முன்னால் வரைக்கும்தான்.

அன்றைக்குக் காலையில் அம்மா நல்ல உற்சாகத்தில் இருந்தார். "நேத்து ஒருத்தர் திருப்பிக் கொடுத்த புத்தகத்துக்குள்ள ஒரு கடிதம் இருந்துச்சுங்க. நாலா மடிச்சு, மேல யார் பேரும் போடாம. பிரிச்சுப் பார்த்தா..."

பிரித்துப் பார்த்தால் என்ன இருந்தது? அதற்குள் தெருமுனை வந்துவிட்டது. டாக்டர் பிரேக்கை மிதித்தார். மிதி ஒரு எதிர்ப்பும் காட்டாமல் தரையோடு தரையாகப் போய் ஒட்டிக்கொண்டது. வண்டி நிற்கவில்லை. வேகம் ஒன்றும் பெரிசில்லை, வேலைக்கு நேரமானவர் நடக்கிற வேகம்தான். ஆனாலும் கை பிரேக்கைத் தேடிப் பிடிப்பதற்குள் அது நடைபாதையில் ஏறி, மரச்சாமான் கடை வாசலில் போட்டிருந்த சோபாவில் முட்டி, அதை நாலடி தள்ளிக்கொண்டு போய்த்தான் ஓய்ந்தது. சோபாவில் கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். வாங்க வந்த தம்பதிக்கு அது எவ்வளவு சொகுசு என்று காட்டிக்கொண்டிருந்தாராம். அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. "பார்த்தீங்களா, கார் மோதியும் கால் ஆடலை" என்று சொல்லி அந்த சோபாவை அங்கேயே விற்றுவிட்டார் என்று பிறகு கேள்வி.

நூலகத்தம்மா பையை எடுத்துக்கொண்டார். இறங்கினார். அந்த வண்டியின் கதவை ஓங்கி அறைந்தால்தான் மூடும். அம்மா அன்றைக்கு அதை மெதுவாகச் சாத்தினார். கதவு மூடாமல் ஆடிக்கொண்டே நின்றது. அப்போதே டாக்டருக்குப் புரிந்துவிட்டது. ஓங்கி அறைந்திருந்தால் ரெண்டு நாளில் சரியாகியிருக்கும் கோபம். இது அந்த ரகம் இல்லை.

"இனிமே உங்க வண்டியில நான் ஏறமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, பஸ் நிற்கிற இடத்தைப் பார்த்து நடந்தார்.

முதல் வாரம், கூட்டத்தில் இடிபட்டுத் தானாக வழிக்கு வருவார் என்று டாக்டர் காத்திருந்தார். அதுதான் இல்லை. நூலகத்தம்மாவுக்குப் பஸ் பிடித்துப்போய்விட்டது. ஜன்னல் ஓரத்து இருக்கை, தினம் கூட வருகிற நாலைந்து பெண்கள், சிரிக்கச் சிரிக்கப் பேசுகிற ஒரு கண்டக்டரம்மா. வண்டி மச்சினனின் பட்டறையில் கிடந்ததால் டாக்டர் கிளினிக்குக்கு நடந்துதான் போனார். ஒருநாள் அவரைத் தாண்டி பஸ் போனது. ஜன்னலில் மனைவி. கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்ல, சுற்றியிருந்த அத்தனை பேரும் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடிதக் கதைதான், சந்தேகமே இல்லை. நாலா மடித்த கடிதத்தில் என்ன இருந்தது என்று கண்டக்டருக்குத் தெரியும், கட்டிய புருஷனுக்குத் தெரியாது. டாக்டருக்கு அழுகையே வந்துவிட்டது. ரோட்டில் அழ முடியுமா, செருப்பில் கல் ஏறிய மாதிரி குனிந்து கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

வீட்டில் கேட்டிருக்கலாமே என்றால், கேட்டார். "அதெல்லாம் வண்டியில சொல்ற கதைங்க. வீட்டுல எனக்கு வேலை இருக்கு" என்று பதில் வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அடுத்த இடி. "திங்கட்கிழமை ஆறு மாசத்துக்குப் பாஸ் எடுத்துடலாம்னு இருக்கேன்."

ஆறு மாசம். டாக்டர் சனிக்கிழமை கிளினிக்கைப் பாதியில் பூட்டிவிட்டுப் பட்டறைக்கு ஓடினார்.

பட்டறைக்காரன் நூலகத்தம்மாவின் சொந்தத் தம்பி. காதில் பென்சில், தோளில் கிழிந்த துண்டு, எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிற ஆள். அவனுடைய கடவாய்ப் பல் ஒன்றை டாக்டர் பதினோரு தடவை வரச்சொல்லிக் காப்பாற்றிக் கொடுத்திருந்தார். "எங்க அக்காவைக் கட்டினவராச்சேன்னுதான் பொறுத்துக்கிட்டேன்" என்று இன்னும் சொல்லிக்காட்டுவான்.

வண்டி நாலு சக்கரமும் கழற்றப்பட்டு மரக்கட்டைகள் மேல் நின்றது. பக்கத்தில் ஒரு தகரத் தட்டு. அதில் கழற்றிய சாமான்களை வரிசையாக வைத்திருந்தான்.

"வாங்க அத்தான். மூணு வாரமா யோசிச்சுச் சொல்றேன் யோசிச்சுச் சொல்றேன்னு இழுத்தடிச்சீங்க. யோசிச்சாச்சா?"

"இதுல எதையெல்லாம் காப்பாத்தலாம், அதைச் சொல்லு மாப்ள."

மச்சினன் பென்சிலை எடுத்து ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினான். பிரேக் ஷூ எட்டும் தேய்ந்து ஆணி தெரிந்தது. "இரும்பு நல்லா இருக்கு. மேல புது லைனிங் ஒட்டிக்கலாம். இதைத் தூக்கிப் போடவேணாம்." டாக்டர் முகம் மலர்ந்தது. டிரம் நாலிலும் லேசாகக் கோடு விழுந்திருந்தது, தேய்த்து எடுத்தால் போதும். டாக்டர் இன்னும் மலர்ந்தார். ஆயில் போகிற ரப்பர் ஹோஸ் எல்லாம் வெடித்திருந்தது. "இது புதுசுதான். பேச்சே இல்ல." டாக்டர் பெரிய மனசு பண்ணித் தலையாட்டினார்.

"இப்ப இது" என்று மச்சினன் ஒரு சின்ன இரும்புக் குழாயை எடுத்தான்.

வீல் சிலிண்டர் என்பது விரல் நீளம்தான் இருக்கும். சக்கரத்துக்கு ஒன்று. நாம் மிதியை அழுத்தினால் பிரேக் ஆயில் இதற்குள் வந்து ரெண்டு பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் ஷூவைத் தள்ளும், ஷூ டிரம்மைப் பிடிக்கும், வண்டி நிற்கும். குழாயின் உள்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்கவேண்டும். துருப்பிடித்துக் குழி விழுந்தால் ரப்பர் வாஷர் கிழியும், ஆயில் வெளியே போகும், கடைக்காரர் சோபாவோடு நகர்வார்.

"குழி விழுந்திருக்கு. இதுக்கு ரெண்டு வழி. லேத்துக்கு அனுப்பி உள்ள கடைஞ்சு, பித்தளைக் குழாய் ஒண்ணு இறக்கலாம். நல்ல வேலைதான், பழசும் மிஞ்சும். மூணு வாரம் ஆகும், லேத்துக்காரன் நினைச்சா நாலு. இல்லைன்னா புதுசு. வேற கம்பெனி செய்யறது, பார்க்க இது மாதிரி இருக்காது, ஆனா வண்டி நிக்கும். நாலும் அலமாரியிலயே இருக்கு. உங்க குணம் தெரியும், கடைசி நேரத்துல அவசரப்படுவீங்கன்னு போன வாரமே வாங்கிப் போட்டுட்டேன்."

"பித்தளை இறக்கிடலாம்" என்று டாக்டர் வாயெடுத்தார். நாலு வாரம் என்பது அப்போதுதான் உறைத்தது. நாலு வாரத்தில் நூலகத்தம்மா கண்டக்டரோடு சம்பந்தமே பேசி முடித்துவிடுவார். எடுத்த வாயை அப்படியே மூடிக்கொண்டார்.

"ஆமா, மூணு சிலிண்டர்தானே இருக்கு தட்டுல?" என்று பேச்சை மாற்றினார். மாற்றியிருக்கக் கூடாது. தானாகப் போய் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பார்களே, அது.

"நாலாவதை நீங்க வந்தப்புறம் கழட்டச் சொன்னீங்க. போன் பண்ணும்போதெல்லாம், முன் சக்கரத்தைத் தொடாத தொடாதன்னு. எனக்கு அப்பவே பொறி தட்டிச்சு. காலையில கழட்டிட்டேன்." மச்சினன் சட்டைப்பையிலிருந்து அதை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். "அத்தான், இருபத்தெட்டு வருஷமா இந்தத் தொழில் பண்றேன். சிலிண்டருக்குப் பல் அடைச்சு இப்பதான் பார்க்கறேன்."

டாக்டர் திருதிருவென்று முழித்தார்.

நடந்தது இதுதான். சோபாவில் முட்டுவதற்கு ரெண்டு மாசத்துக்கு முன்னால் அந்தச் சக்கரத்தில் லேசாக ஆயில் கசிந்தது. மச்சினன் அப்போது வெளியூர் போயிருந்தான். டாக்டர் தானே சிலிண்டரைக் கழற்றினார். உள்ளே ஒரு குழி. குழியைப் பார்த்த மாத்திரத்தில் அவருடைய கை அரித்தது. இருபத்தைந்து வருஷமாகக் குழியை அடைத்தே பழகிய கை அல்லவா. ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் தெரியாமல் கிளினிக்கைத் திறந்து, விளக்கைப் போட்டு, சிலிண்டரை நோயாளி நாற்காலியில் ஒரு துண்டு விரித்துப் படுக்க வைத்தார். சின்ன டிரில்லால் துருவைச் சுரண்டினார், பல் நிறத்து சிமெண்டை வைத்து அடைத்தார், நீல விளக்கைக் காட்டி இறுக வைத்தார், பிறகு ஒரு மணி நேரம் பாலிஷ் போட்டார். முடிந்ததும் உச்சி குளிர்ந்துபோய், "அவ்வளவுதான், வாயைக் கொப்பளிச்சுக்கோங்க" என்று பழக்க தோஷத்தில் சிலிண்டரிடமே சொல்லிவிட்டார்.

"பல்லுக்குள்ள என்னைக்காவது பிரேக் ஆயில் ஊத்தியிருக்கீங்களா அத்தான்?" என்று மச்சினன் கேட்டான். குரலில் கேலி இருந்தது, கண்ணில் இல்லை. "ஆயில்ல ஊறி ஒரு ஓரம் பெயர்ந்திருக்கு. பெயர்ந்த விளிம்பு வாஷரைக் கிழிச்சிருக்கு. அன்னைக்கு மிதி தரையில போய் உட்கார்ந்ததுக்கு வண்டி காரணமில்ல."

டாக்டர் அந்தச் சிலிண்டரை வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இத்தனை நாளாக அவர் மனசுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தார்: வயசான வண்டி, ஏதோ ஒருநாள் தவறிவிட்டது, மனைவி அநியாயமாகக் கோபப்படுகிறாள். அந்தக் கணக்கு இப்போது காலை வாரிவிட்டது.

"இன்னொண்ணும் இருக்கு. இங்க வாங்க."

மச்சினன் ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையின் கதவைத் திறந்தான். பிரேக் குழாய் எங்கே போகிறது என்று பார்க்கக் காலையில் அந்தப் பக்கத்து மிதியடியைத் தூக்கியிருந்தான். கனத்த ரப்பர் மிதியடி. அதில் ஒரு இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தது. அதற்குக் கீழே, தரைத் தகட்டில், வெண்ணெய் நிறப் பெயிண்ட் போய் இரும்பு பளபளத்தது. இரும்பும் உள்வாங்கி லேசாகப் பள்ளமாகியிருந்தது.

டாக்டர் குனிந்து அதற்குள் கையை வைத்துப் பார்த்தார். ஒரு முன்பாதம் சரியாக உட்காருகிற அளவு.

"உங்க வண்டிக்கு ரெண்டு பிரேக் இருந்திருக்கு அத்தான்" என்றான் மச்சினன். "ஒண்ணு நீங்க மிதிச்சது. ஒண்ணு எங்க அக்கா மிதிச்சது."

இருபத்திரண்டு வருஷம். ஒவ்வொரு முனையிலும், ஒவ்வொரு சிக்னலிலும், முன்னால் போகிறவன் தடுமாறுகிற ஒவ்வொரு தடவையும், வாய் பாட்டுக்குக் கதை சொல்லிக்கொண்டிருக்க, கால் பாட்டுக்கு இல்லாத பிரேக்கை மிதித்திருக்கிறது. ஒருநாள் ஒருபொழுது "பயமா இருக்கு" என்று அந்த வாய் சொன்னதில்லை. டாக்டரும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து ஒரு தடவைகூட அந்தக் காலைக் குனிந்து பார்த்ததில்லை. ஒரு நாளைக்கு நாற்பது வாயைத் திறந்து எங்கே வலி எங்கே வலி என்று கேட்கிற மனிதர். அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, துக்கமாக இருந்தது.

அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். மச்சினன் தொந்தரவு செய்யாமல் போய் டீ வாங்கி வந்தான்.

"புதுசையே போட்டுடு மாப்ள" என்றார் டாக்டர், டீயை வாங்கிக்கொண்டே. "நாலும். ஹோஸும். ஷூவுக்கு நீ சொன்ன மாதிரி லைனிங். நிக்கிறதுக்கு எது எது வேணுமோ அத்தனையும் உன் இஷ்டம். நான் வாயைத் திறக்கமாட்டேன்."

மச்சினன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்கிற சாக்கில் சிரித்தான். "இந்தப் பள்ளத்தைத் தட்டி நிமிர்த்திடட்டுமா?"

"அதைத் தொடாத." டாக்டர் டம்ளரை வைத்துவிட்டு யோசித்தார். "ஏன் மாப்ள, கார் ஓட்டச் சொல்லித்தர்ற ஸ்கூல் வண்டியில, வாத்தியார் பக்கத்துல ஒரு பிரேக் இருக்குமே..."

மச்சினன் காதிலிருந்த பென்சிலை எடுத்து, திரும்பக் காதிலேயே செருகிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நூலகத்தம்மா மேஜையில் கிழிந்த புத்தகங்களைப் பரப்பிவைத்து ஒட்டிக்கொண்டிருந்தார். டாக்டர் எதிரில் வந்து உட்கார்ந்தார். எழுந்தார். தண்ணீர் குடித்தார். திரும்ப உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து அந்தச் சிலிண்டரை எடுத்து பசை டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை கிளினிக்கைத் திறந்ததிலிருந்து வாயைக் கொப்பளிக்கச் சொன்னது வரை ஒன்று விடாமல் சொன்னார்.

அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சிலிண்டருக்குள் பார்த்தார்.

"வேலை நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு அதைக் கீழே வைத்தார். "அந்த வண்டியிலதான் ரெண்டு மாசமா நான் உட்கார்ந்து வந்தேன்."

"ஆமா."

"பழசு, ஓட்டை, உடைசல்னு எல்லாம் எனக்குக் கோபம் இல்லைங்க. நானும்தான் நாள் பூரா கிழிசலை ஒட்டிக்கிட்டு இருக்கேன். ஒட்டினதுன்னா ஒட்டினதுன்னு ஒரு சீட்டு வெப்போம், எடுக்கறவங்களுக்குத் தெரியணும்னு. நீங்க எனக்கு ஒரு வார்த்தை சொல்லலை."

"தப்புதான். சொல்லியிருக்கணும். சொன்னா நீ ஏறமாட்டேன்னு பயம்."

நூலகத்தம்மா பசைத் தூரிகையைத் துடைத்துக்கொண்டே அவரை ஏற இறங்கப் பார்த்தார். மனிதர் கண் கலங்கியிருந்தது.

"புதுசு போட்டாச்சா?"

"போட்டாச்சு. நாலும்."

"தம்பி ஓட்டிப் பார்த்தானா?"

"காலையிலேர்ந்து ஓட்டறான்."

"சரி. நாளைக்கு ஒருநாள் வர்றேன். அதுவும் நிக்குதான்னு பார்க்கத்தான். பாஸ் விஷயம் அப்புறம்." கிழிந்த புத்தகத்தை மூடி அதன்மேல் சிலிண்டரை வைத்தார். பசை காய்வதற்கு நல்ல கனமாக இருந்தது.

திங்கட்கிழமை காலையில் டாக்டர் வண்டியைத் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டு வாசலில் நின்றார். அம்மா வந்தார், ஏறினார், கதவை ஓங்கி அறைந்தார். டாக்டருக்கு அந்தச் சத்தம் காதில் தேனாக இருந்தது. அம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு வழக்கம்போல் காலை நீட்டினார். கால் எதிலோ பட்டது.

குனிந்து பார்த்தார். புது மிதியடி. அதில் அளவாக ஒரு ஓட்டை வெட்டி, பழைய பள்ளத்துக்கு நேர் மேலே, ஒரு மிதி. ரப்பர் கட்டையோடு, அசல் மிதி.

"இது என்னங்க?"

"பிரேக்" என்றார் டாக்டர், ரோட்டைப் பார்த்துக்கொண்டே. "உன்னோடது. மிதிச்சா நிக்கும். என் காலைக் கேக்கவேண்டியதில்ல."

நூலகத்தம்மா காலை அந்த மிதியின் மேல் லேசாக வைத்துக்கொண்டார். தெரு தாண்டும் வரை எடுக்கவில்லை. முதல் முனை வந்தது. டாக்டர் காலைத் தூக்குவதற்குள் அவருடைய மிதி தானாகவே இறங்கியது, வண்டி பூப்போல நின்றது. இரண்டாவது முனையிலும் அதே கதை. சிக்னலிலும் அதே. மரச்சாமான் கடைக்காரர் இவர்களைப் பார்த்ததும் சோபாவை விட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். வண்டி அவர் கடைக்கு இருபதடி முன்னாலேயே ஒருமுறை நின்று, மரியாதையாகக் கிளம்பியது. பின்னால் வந்த சைக்கிள்காரர் ஏதோ திட்டினார். டாக்டருக்கு வெறுமனே ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற வேலைதான்.

"நல்லா நிக்குதுங்க" என்றார் அம்மா கடைசியில். இப்போது காலை அந்த மிதிக்குப் பக்கத்தில் தளர்வாகச் சாய்த்து வைத்திருந்தார். டாக்டர் குனிந்து பார்த்தார்.

"ரோட்டைப் பாருங்க."

"பார்க்கறேன்."

"அந்தக் கடிதம்" என்றார் அம்மா.

டாக்டர் காதைத் தீட்டிக்கொண்டார்.

"பிரிச்சுப் பார்த்தா என்ன எழுதியிருந்தது தெரியுமா? 'இந்தப் புத்தகத்தை அடுத்து எடுக்கிறவருக்கு. நான் எழுபத்திரண்டாம் பக்கம் வரைக்கும் படிச்சுட்டேன். நாளைக்கு ஊரை விட்டுப் போறேன். முடிவு என்ன ஆச்சுன்னு தயவுசெஞ்சு எனக்கு எழுதுங்க'ன்னு கீழ விலாசம். தேதியைப் பார்த்தா ஒம்பது வருஷம் ஆச்சுங்க. நடுவுல பதினாலு பேர் எடுத்திருக்காங்க. ஒருத்தர்கூட எழுதலை. எனக்கு மனசு கேக்கலை. அந்தப் புத்தகத்தை அன்னைக்கே வீட்டுக்குக் கொண்டுவந்து படிச்சேன்..."

அங்கே அம்மா கதையை விட்டு விலகிப்போனார், அந்தப் பதினாலு பேர் யார் யார் என்று சொல்ல ஆரம்பித்தார், அதில் ஒருவர் டாக்டரிடம் ஆறு மாசமாகப் பல் பார்த்துக்கொண்டிருக்கிறவர் என்று தெரிந்தது, அவரைப் பற்றிக் கொஞ்சம் போனது. பஸ்காரர்களிடம் இதையெல்லாம் சொல்லியிருப்பாளா என்று டாக்டருக்குக் கேட்கவேண்டும்போல் இருந்தது. கேட்கவில்லை. நூலகத்தின் மதில் சுவர் தூரத்தில் தெரிந்தது. மணி எட்டு முப்பத்தெட்டு. "மீதி நாளைக்கு" என்ற வார்த்தைக்கு டாக்டர் மனசைத் தயார் பண்ணிக்கொண்டார்.

வாசலுக்கு நூறடி இருக்கும்போது, மரத்தடியில், மிதி இறங்கியது. வண்டி நின்றது.

"என்னாச்சு? யாராவது குறுக்க வந்தாங்களா?"

"யாரும் வரலை" என்றார் நூலகத்தம்மா. கால் மிதியின் மேல் அழுத்தமாக இருந்தது. "நான் என்ன பதில் எழுதினேன்னு இன்னும் சொல்லலையே."

பின்னால் ஹாரன் அடித்தது. அவர் தினம் போன பஸ்தான். படியில் கண்டக்டரம்மா எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நூலகத்தம்மா கையை வெளியே நீட்டி, முந்திப் போகும்படி சைகை காட்டினார். டாக்டர் எஞ்சினை அணைத்தார். பஸ் அவர்களைத் தாண்டிப் போனது, அம்மா மீதியைச் சொல்ல ஆரம்பித்தார்.